ஆறு தோட்டாவும் அடுத்தவர் அட்டையும்

சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியின் வம்சத்தில் உதித்த ஒன்றை, டெக்சாஸ்வாசியான என் சிநேகிதர் பெருஞ்செலவில் வாங்கி, தலைச்சன் பிள்ளையைப்போல் எண்ணெய் தடவித் துடைத்து, சுபதினமொன்றில் இலக்குப் பயிற்சிக்கு எடுத்துச் சென்றார். விசையை மட்டும் இழுத்துச் சுடப் பத்துப் பன்னிரண்டு ராத்தல் பலம் வேண்டுமென்பதும், குதிரையைக் கட்டைவிரலால் முன்பே பின்னிழுத்து வைத்தால் மூன்று நான்கு ராத்தலே போதுமென்பதும் அவர் அறிந்த சாஸ்திரந்தான். ஆயினும் வீரம் யாரை விட்டது? ஆறு தோட்டாவும் தீர்ந்தபின் அவருடைய அட்டை வெண்மை குலையாமல் நின்றது. ஆறே முறை சுட்ட பக்கத்துக்காரரோ தம் அட்டையில் எட்டுத் துளைகளைக் கண்டு பரவசமடைந்தார். பழி (இரும்புக்கு வாயில்லையே!) துப்பாக்கியின்மேல் விழுந்தது. இப்போது வேறொன்று வாங்கப் பணம் சேர்க்கிறார்.