தளர்நடைக்குத் தவணைத் திட்டம்

பெறுநர்: எங்கள் தெருமுனையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், ஏ.சி. வசதியுடன் நடைபெறும் மழலையர் திறன் வளர்ப்பு மையத்தின் இயக்குநர் அவர்கள்.

பொருள்: என் பேத்தி கீழே விழுவது தொடர்பாக.

அம்மையீர்,

தாங்கள் அனுப்பிய மதிப்பீட்டு அறிக்கை கிடைத்தது. 16 மாதக் குழந்தைக்கு ‘பேலன்ஸ் போதாது, கை கால் ஒத்துழைப்பில் கவனம் தேவை’ என்று எழுதி, ஆறு மாத பேக்கேஜைத் தவணையிலும் கட்டலாம் என்று கருணை காட்டியிருக்கிறீர்கள். இந்தச் சோதனையை, அவளை நாற்காலியில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, எதிரே டி.வி.யில் யானை ஆட, முக்கால் மணி நேரம் நடத்தினீர்கள். உட்கார்ந்திருக்கிற குழந்தையின் நடையை அளந்த உங்கள் திறமைக்கு என் வணக்கம்.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தை நாளைக்குக் குறைந்தது 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்காரவைக்கக் கூடாது, இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. உங்கள் நாற்காலி விதிக்கு உட்பட்டதுதான். யானைதான் மீறிவிட்டது.

அவள் விழுகிறாள் என்பது உங்கள் முதல் புகார். உண்மைதான். நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் கேரன் அடால்ஃபும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைத்து, 17 முறை விழுந்திருக்கிறார்கள். உங்கள் வரவேற்பறையில் அவள் ஒருமுறை விழுந்ததைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறீர்கள். பாக்கி பதினாறையும் வீட்டுக்கு வந்து விழுந்துகொண்டாள்.

உங்கள் சிற்றேட்டில் ‘மேடுபள்ளப் பாதை’ என்று படம் போட்டிருப்பது எங்கள் வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை. வரிசையாகப் போட்டால் ஏறி இறங்குகிறாள். ‘எடை சுமக்கும் பயிற்சி’க்கு உருளைக்கிழங்குக் கூடை. (சின்ன வெங்காயம் ஆகாது, நேரே வாய்க்குப் போகும்.) கூடத்தில் கூடையை வைத்துவிட்டு அவள் பாட்டி சமையலறையில் உட்கார்ந்துகொள்வாள். இவள் முழங்காலை மடக்கிக் குந்தி, ஒரு கிழங்கை எடுத்து, தரையில் கையூன்றி எழுந்து, சுவரைப் பிடித்தபடி கொண்டுபோய்க் கொடுப்பாள். இரண்டு கையிலும் கிழங்கு வந்துவிட்டால்தான் வேடிக்கை. சுவரைப் பிடிக்கக் கை இல்லை. கால்கள் அகலும், தொப்பை முன்னே வரும், விரல்கள் டைல்ஸைக் கவ்வும். நடுவழியில் நின்று யோசிப்பாள். காதுக்குள் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் கண்ணும் பாதமும் கலந்து பேசி முடிவெடுக்கிற நேரம் அது. சில நாள் கிழங்கு விழும், சில நாள் கிழங்கோடு இவள் உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்போம். கை கொடுக்க மாட்டோம். வெறுங்கால்தான் சௌகரியம் என்பதால், நீங்கள் கட்டாயமாக விற்ற சாக்ஸில் இப்போது கிரைண்டர் சாவி இருக்கிறது.

சக்கரம் வைத்த வாக்கரில் உட்காரவைக்கச் சொன்னீர்கள். அதை விற்கவே கனடா 2004இல் தடை போட்டுவிட்டது. நம்மூர் நடைவண்டி வேறு சாதி: அதைக் குழந்தை எழுந்து நின்று தள்ள வேண்டும். வாக்கரில் உட்கார்ந்து உருண்டால் போதும்.

செங்கீரை ஆடுவது, சப்பாணி கொட்டுவது, தளர்நடையில் வருவது, சிறுதேர் உருட்டுவது, ஊசலாடுவது என்று பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் பருவம் பருவமாகப் பாடத்திட்டம் போட்டுவைத்துவிட்டுப் போனார்கள். பாவம், அவர்களுக்குத் தவணை வசூலிக்கத் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி ஆரோக்கியமான குழந்தை தனியே நடக்க எட்டு மாதமும் ஆகலாம், பதினேழரை மாதமும் ஆகலாம். 18 மாதமாகியும் நடக்காத குழந்தை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் போக வேண்டும். மருந்துக்கடை மாடிக்கு அல்ல.

ஆகவே, நான் கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நேரில் கொடுக்க வந்தால் கூடத்தில் உருளும் கிழங்கைப் பார்த்துக் காலை வையுங்கள். நம் வயதில் விழுந்தால் எலும்பு முறியும்.

இப்படிக்கு,
தாத்தா