கூரை ஏறு, கோழியைப் புடி

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. ஒன் அத்தை ஒன் போன்ல இருந்ததக் காட்டுனா. பேருக்குக் கீழ 'ஏவியேஷன் ஏஐ ஸ்ட்ராட்டஜிஸ்ட்'ன்னு எழுதி வச்சிருக்க. படிச்சதும் எனக்கு இருமல் வந்துட்டு. கேட் பரீட்சை எழுதி, விமான நிலைய ஆணையத்துல எலக்ட்ரானிக்ஸ் ஜூனியர் எக்சிகியூட்டிவ்னு ஆர்டர் வந்திருக்கு, சந்தோசம். பிரயாக்ராஜ் பயிற்சிக்கு இன்னும் பெட்டி கூடக் கட்டலை. அதுக்குள்ள வியூகம் வகுத்துட்டியா? கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுனானாம். ஒனக்குன்னே சொல்லி வச்ச பழமொழி. ஏன்னா ஒன் வேலையில நெசமாவே கூரை ஏறணும். ஆன்டெனா அங்கனதான் இருக்கு.

சரி, ஊருல என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்லுவ? நீ பைலட் இல்ல. டவர்ல உக்காந்து எறக்கி ஏத்துற கன்ட்ரோலரும் இல்ல. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுதாங்கல்லா, அந்தப் பேச்சு போய்ச் சேரணும். அதப் பாத்துக்கிடுறதுதான் ஒன் சோலி. கம்மாய் மடை பாக்குற ஆளு மாதிரி வச்சுக்கயேன். தண்ணி ஒழுங்கா வயலுக்குப் போற வரைக்கும் அவன் பேரு எவனுக்கும் தெரியாது. ஒரு ராத்திரி மடை அடச்சுக்கிட்டா ஊரே அவன் வாசல்ல வந்து நிக்கும். நானும் அந்த மாதிரிக் கருவி அறையில கெடந்து முடி நரைச்சவன்தான். எனக்கு யாரும் மாலை போட்டதில்ல. திட்டுறதுக்கு மட்டும் சரியா ஆளு தேடி வந்தாங்க.

'அதிநவீனம், அதிநவீனம்'னு சொல்லுதியே, மூடியத் தொறந்து உள்ள பாத்தியா? இன்னைக்கும் விமானமும் தரையும் பேசுறது 118-ல இருந்து 137 மெகாஹெர்ட்ஸுக்குள்ள, ஏஎம் முறையில. ஆமலே, ஒன் பூட்டன் காதுல வச்சுக் கேட்ட அதே ஏஎம். எஃப்எம் தெளிவா இருக்குமே, ஏன் மாத்தலைன்னு கேப்ப. எஃப்எம்ல ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுனா பலமான குரல் மெலிஞ்ச குரலை முழுங்கிரும். இன்னொருத்தன் பேசுனான்னே தெரியாது. ஏஎம்ல ரெண்டும் மோதிக் கீச்சுன்னு கத்தும். ரெண்டு பேரு பேசுதாங்கன்னாவது வெளங்கும். 'திரும்பச் சொல்லு'ன்னு கேட்டுக்கிடலாம். 1977-ல டெனெரிஃப் தீவுல, பனிமூட்டத்துல, ரெண்டு ஜம்போ விமானம் ஓடுபாதையில மோதி 583 பேரு செத்தாங்க. 'காத்திரு'ன்னு டவர் சொன்னதும், 'நாங்க இன்னும் ஓடுபாதையிலதான் இருக்கோம்'னு அடுத்த விமானம் சொன்னதும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து, கெளம்புற விமானத்துல கீச்சத்தமாத்தான் கேட்டுச்சு. ஓட ஆரம்பிச்ச வண்டிய கேப்டன் நிறுத்தலை. சத்தம் தன் வேலையச் செஞ்சுட்டு. கேட்ட மனுசந்தான் திரும்பக் கேக்கலை.

இப்ப ஒன் பயத்துக்கு வாரேன். ஏஐ வந்தா வேலை போயிருமான்னு ராத்திரி தூக்கமில்லாம உருளுதியாம். வேலையே போவாதுன்னு ஒனக்கு நான் தேன் தடவ மாட்டேன். 1932-ல ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில இருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தாருல்லா, அந்தச் சின்ன விமானத்துல ரேடியோவே கெடையாது. அந்தத் தபாலு பெல்லாரி வழியா நம்ம மெட்ராஸ் வரைக்கும் வந்து சேந்துச்சு. அப்புறம் ரேடியோ வந்துச்சு. அதுக்குன்னு விமானத்துக்குள்ள ஒரு ரேடியோ ஆபீசர் வந்தாரு, மோர்ஸ் தட்டிக்கிட்டு. பைலட்டே நேரா பேசுற கருவி வந்ததும் அவரு நாற்காலியக் கழட்டிட்டாங்க. வழி பாத்த நேவிகேட்டர் போனாரு. இஞ்சின் பாத்தவரு போனாரு. தரையில டெலிபிரிண்டர் அடிச்சவங்களும் போனாங்க. ரேடியோ போச்சா? அதுமட்டும் கூடிக்கிட்டேதானே வந்துச்சு? நடுவுல உக்காந்து ஒரு கையில வாங்கி மறு கையில கொடுத்தவன் போனான். கம்பியப் பாத்தவன் போவலை. இத ஒன் போன்ல பேருக்குக் கீழ எழுதி வையி.

கடலப் பாரு. விஎச்எஃப் அலை நேர்கோட்டுலதான் போவும். ஒசரத்துல பறக்குற விமானத்துக்கே ஏறக்குறைய 200 கடல்மைல், அதுக்கு மேல பூமி வளைஞ்சு மறைச்சுரும். வங்காள விரிகுடா நடுவுல என்ன செய்ய? எச்எஃப். மேல வளிமண்டலத்துல பட்டுத் திரும்பி வரும். பகலுக்கு ஒரு அலைவரிசை, ராத்திரிக்கு ஒரு அலைவரிசை. இரைச்சல்னா இரைச்சல், அப்படி ஒரு இரைச்சல். இப்ப சென்னையில இருந்து கடலுக்கு மேல போற விமானத்துக்கு எழுத்துலயே செய்தி போவுது, செயற்கைக்கோள் வழியா. அருமையான வசதி. அதுக்காக எச்எஃப்பை எவனாவது குப்பையில போட்டானா? கருவி கருவியா அடுக்கி வச்சிருக்கான். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு. இது கஞ்சத்தனத்துக்கு எதிரான தொழில் மக்கா.

ஏஐ என்னதான் செய்யுது? செய்யுதுப்பா, நல்ல வேலையே செய்யுது. கன்ட்ரோலர் சொன்ன ஒசரத்த பைலட் சரியாத் திருப்பிச் சொன்னானான்னு காது குடுத்துக் கேட்டு ஒப்பிட்டுப் பாக்க முயற்சி நடக்குது. டிரான்ஸ்மிட்டர் கணக்க வச்சு எது படுக்கப் போவுதுன்னு முன்கூட்டியே சொல்லுது. பக்கம் பக்கமா வர்ற நோட்டாம்ல, அதான் பைலட்டுக்கு வர்ற அறிவிப்புல, எது முக்கியம்னு பிரிச்சுக் கொடுக்கும். வேண்டாம்னு சொல்ல நான் என்ன கோட்டியா? ஆனா காதுதான் கொஞ்சம் கோளாறு. கொரியாக்காரன் ஒரு இங்கிலீசு பேசுவான், பிரெஞ்சுக்காரன் ஒண்ணு பேசுவான், நம்ம ஆளு ஒண்ணு பேசுவான். எல்லாம் இரைச்சலுக்கு நடுவுல, மூணு நாலு நொடியில. நான் என் போன்கிட்ட 'மாமாவுக்குப் போன் போடு'ன்னேன். மாமல்லபுரத்துக்கு வழி காட்டுச்சு. அதுகூடப் போவட்டும். கேக்கலைன்னா 'கேக்கலை, திரும்பச் சொல்லு'ன்னு கூச்சப்படாமச் சொல்லணும், அதுதான் எங்க தொழில்ல மொதப் பாடம். இந்தப் புது மிஷினுக்கு, கேக்காததையும் கேட்ட மாதிரியே பளிச்சுன்னு எழுதி வைக்கிற சுபாவம் இருக்கு. படிச்ச பயலுவ சில பேருக்கும் இருக்கு, ஒன்னச் சொல்லலை.

ஒரு கதை சொல்லுதேன். இதக் கேட்டுட்டு அப்புறமா ஒன் ஆன்லைன் வகுப்புக்குப் போ. 2002, ஜூலை 1. ராத்திரி. ஜெர்மனியோட தெக்குப் பக்கத்துல ஊபர்லிங்கன்னு ஒரு ஊரு. அந்த வானத்தச் சுவிட்சர்லாந்துல இருந்து பாத்துக்கிடுதாங்க. அறையில அப்ப ஒத்தக் கன்ட்ரோலர், ரெண்டு திரை. கூட்டாளி ஓய்வுல. ரஷ்ய விமானம் ஒண்ணு, சரக்கு விமானம் ஒண்ணு, ரெண்டும் ஒரே ஒசரத்துல ஒண்ணுக்கொண்ணு குறுக்கால வருது. ரஷ்ய விமானத்துக்குள்ள இருந்த மோதல் தடுப்புக் கருவி 'ஏறு'ன்னு சொல்லுது. கன்ட்ரோலர் 'எறங்கு'ன்னு சொல்லுதாரு. சரக்கு விமானத்துக் கருவி அதுக்கு 'எறங்கு'ன்னு சொல்லியாச்சு. ரஷ்யாக்காரன் மனுசன் பேச்சக் கேட்டான். ரெண்டும் எறங்குச்சு. 71 பேரு. பாதிக்கு மேல பள்ளிக்கூடப் புள்ளைக, சுற்றுலா கெளம்புனதுக.

இதக் கேட்டதும் 'அப்போ மிஷின்தான் சரி, மனுசன் தப்பு'ன்னு துள்ளுவ. பொறு. அந்த எடத்துல மிஷின் சொன்னது சரிதான். அதுக்கப்புறம் அந்தக் கருவி சொன்னா கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் கருவி பேச்சத்தான் கேக்கணும்னு ஒலகத்துக்கே தெளிவா விதி போட்டாங்க. நல்ல விதி. ஆனா நீ பாக்க வேண்டியது வேற எடம். ஜெர்மனியில, கார்ல்ஸ்ரூ மையத்துல, மோதல் எச்சரிக்கை முன்னாடியே வந்துட்டு. அங்க உள்ளவங்க போன் அடிக்காங்க, அடிக்காங்க, போவலை. ஏன்? அன்னைக்கி ராத்திரி பராமரிப்புக்குன்னு மெயின் போன் லைனை நிறுத்தியிருந்தாங்க. மாத்து லைன்லயும் கோளாறு. சுவிட்சர்லாந்து அறையில இருந்த எச்சரிக்கைக் கருவியும் முழுசா ஓடலை. பராமரிப்பு பண்ணுனது யாரு? ஒன்னைய மாதிரி ஆளுங்கதான். கெட்ட எண்ணமா? இல்ல. ராத்திரியில விமானம் கொறவு, அப்ப வேலை செஞ்சா நல்லதுன்னு நெனச்சாங்க. இதுனால என்னென்ன நிக்கும்னு நாற்காலியில இருந்த ஆளுக்கு முழுசாத் தெரியலை. இப்பச் சொல்லு, எந்த ஏஐ வந்து அந்தப் போனுக்கு உயிர் கொடுத்திருக்கும்? அதோட எச்சரிக்கையும் அதே லைன்லதானே போவணும்?

ஜப்பான்காரன் சாமர்த்தியத்துல கொறஞ்சவனா? 2024 ஜனவரி 2, ஹனேடா விமான நிலையம். நீதான் மொத ஆளுன்னு வரிசையச் சொன்னத, கடலோரக் காவல் விமானம் ஓடுபாதைக்குள்ள வரலாம்னு எடுத்துக்கிட்டு உள்ள வந்து நின்னுட்டு. மேல இருந்து பெரிய விமானம் எறங்கிட்டு. சின்ன விமானத்துல அஞ்சு பேரு செத்தாங்க. பெரிய விமானத்துல இருந்த 379 பேரும் தப்பிச்சது அந்தச் சிப்பந்திகளோட தெறமை. ஓடுபாதையில ஆளு நிக்குன்னு கன்ட்ரோலர் திரையில எச்சரிக்கை வெளிச்சம் எரிஞ்சுச்சு. ஒரு நிமிசத்துக்கு மேல எரிஞ்சுச்சு. யாரும் பாக்கலை. மிஷின் சொல்லிட்டா முடிஞ்சுதா? கேக்குற மாதிரி சொல்லுச்சான்னு பாக்க ஒரு ஆளு வேணாமா?

அடுத்து வந்து 'டவரே இருக்காதாமே தாத்தா'ம்ப. உண்மைதான். சுவீடன்ல 2015-லயே ஆரம்பிச்சாச்சு. லண்டன் சிட்டி விமான நிலையத்துல 2021-ல இருந்து கன்ட்ரோலர் அங்க இல்ல, நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி ஒரு அறையில கேமரா பாத்துக்கிட்டு இருக்காரு. முன்ன கண்ணாடிச் சன்னல் வழியா எட்டிப் பாத்தா விமானம் தெரியும். இப்போ விமானம் தெரியுறதே கம்பி வழியாத்தான். ஒரு வழி போதாதுன்னு தனித்தனி ஃபைபர் வழியா இழுத்து வச்சிருக்காங்க. இதுல யாருக்கு வேலை கூடுது? ஒனக்கா, ஸ்ட்ராட்டஜிஸ்ட்டுக்கா?

அமெரிக்காவுல 2025 ஏப்ரல் 28, நியூவார்க் விமான நிலையத்துக்கு வர்ற விமானங்களப் பாக்குற அறையில ரேடாரும் ரேடியோவும் ஏறக்குறைய 90 நொடி செத்துப் போச்சு. ஏஐக்குப் பேரு போன தேசம். காரணம் தகவல் லைன் கோளாறு. அப்புறம் பழைய செம்புக் கம்பிய எடுத்துட்டு ஃபைபர் போடுதோம்னு ஓடுனாங்க. நம்ம டெல்லியில அதே வருசம் நவம்பர்ல ஏஎம்எஸ்எஸ், அதான் விமானத் திட்டச் செய்திகளப் பிரிச்சு அனுப்புற அமைப்பு, படுத்துட்டு. 800 விமானத்துக்கு மேல தாமதம். கன்ட்ரோலருங்க விமானத் திட்டத்தக் கையால ஏத்துனாங்க. கையால! டிவியில நிபுணருங்க சாயங்காலம் வரைக்கும் வாய் மூடலை. அன்னைக்கி அந்த அறையில தரையில உக்காந்து சர்வரப் பாத்த பொறியாளர் பேரு ஒனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அந்த ஆளுதான் நீ.

அதனால என்ன படிக்க? ஏஐயப் படி, வேண்டாங்கலை. பேரு பெருசா இருக்குதேன்னு ஆயிரக்கணக்குல கட்டி ரெண்டு நாள் சான்றிதழ் வாங்காத. பிரயாக்ராஜ்ல ஆன்டெனா கனெக்டருக்குள்ள மழைத் தண்ணி எறங்கினா மீட்டர்ல என்ன காட்டும்னு காட்டித் தருவாங்க, அப்ப போன நோண்டாம இரு. ஸ்டாண்ட்பை கருவிய நெசமாவே மாத்திப் போட்டுப் பாரு. பச்சை வெளக்கு எரியுதுன்னு லாக் புக்குல 'நார்மல்'னு எழுதிட்டு டீக்குப் போவாத. வெளக்குக்கு என்ன, எரியச் சொன்னா எரியும். ராத்திரி ஷிஃப்ட்டுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு சும்மா பேச்சக் கேளு. எந்தச் சேனல்ல கரகரப்பு கூடுதுன்னு காது பழகட்டும். அப்புறம் ஏஐ ஒரு முன்னறிவிப்பு சொன்னா, அது சரியா தப்பான்னு சொல்ல ஒனக்கு யோக்கியதை இருக்கும். இப்ப என்ன இருக்கு? சப்ஸ்கிரிப்ஷன் இருக்கு.

டவர்ல பேசுறது அத்தனையும் பதிவாவுது, கொறஞ்சது 30 நாள் வைக்கணும்னு சர்வதேச விதி. ஏதாவது ஆனா டேப்ப எடுத்துச் சீல் வச்சுருவாங்க. விசாரணைக்கு ஏஐயக் கூப்புட மாட்டாங்க. லாக் புக்குல யாரு கையெழுத்துன்னு பாத்து அந்த ஆளத்தான் கூப்புடுவாங்க. அந்தக் கையெழுத்து இருக்குற வரைக்கும் ஒனக்குச் சம்பளமும் இருக்கு, தூக்கமில்லாத ராத்திரியும் இருக்கு.

கடைசியா ஒண்ணு கேளு மக்கா. பராமரிப்புக்குன்னு ஒரு லைனை நிறுத்த வேண்டிய நாளு ஒனக்கும் வரும். மெயில் போட்டாச்சு, குரூப்ல போட்டாச்சு, சிஸ்டத்துல ஏத்தியாச்சுன்னு சொல்லாத. படியேறிப் போ. நாற்காலியில இருக்குறவரு மூஞ்சியப் பாத்து, எது நிக்குது, எப்ப வரும், அதுவரைக்கும் எதுல பேசணும்னு சொல்லு. அவரு அதத் திருப்பிச் சொல்லட்டும். அப்புறமா சுவிட்ச அணை.