விடுவதற்கு ஒரு பாக்கெட்

சிகரெட் பெட்டியின் முன், பின் பக்கங்களில் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படமும் வாசகமும் அடைத்திருக்க வேண்டும் என்பது 2016 முதல் நம் நாட்டில் விதி. 2018 முதல், விட நினைப்பவர் அழைக்க ஓர் இலவசத் தொலைபேசி எண்ணும் அதிலேயே உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்மாள் பெட்டிக்கடையில் வாங்குவது ஒற்றைச் சிகரெட். படம் கடைக்காரருக்கு, புகை மட்டும் இவருக்கு. பாவம், அவர் நாள் முழுக்க படத்திலுள்ள புண்ணைப் பார்த்தபடி சில்லறை எண்ணுகிறார்.

இருபது வருடம் ஊதியவர் திடீரென்று திருந்தி அந்த எண்ணைத் தேடினால், முழுப் பாக்கெட் வாங்கியாக வேண்டும். வாங்கியதை வீணாக்கலாமா?

இன்னொரு வகையினர், "விட்டுட்டேன் மாப்ள" என்று அறிவித்தவர்கள். விட்டது வாங்குவதை மட்டும். டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரிடம், "கடைசி ரெண்டு இழுப்பு குடுடா" என்பார்கள். இவர்களால் புகைப்பது நிஜமாகவே குறைந்திருக்கிறது, நண்பர்களுக்கு.