ஆன்போர்டு அண்ணன்

சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் டிராக் டே நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், மற்றவர்கள் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் தன் காருக்குள் குப்புறக் கிடப்பார். கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து, "யாராச்சும் ஸ்பிரிட்டு வச்சிருக்கீங்களா?" என்று குரல் வரும். காயம்பட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். கேமரா ஒட்டக் கண்ணாடியில் பிசுக்கு எடுக்கிறார். ஓடும் காருக்குள்ளிருந்து படம் பிடிக்கிற ஆன்போர்டு அண்ணன் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

கார் பழைய ஸ்விஃப்ட். அதற்குள் மூன்று கேமரா. ஒன்று ரோட்டைப் பார்க்கும், ஒன்று பெடலைப் பார்க்கும், ஒன்று அண்ணனையே பார்க்கும்.

"அண்ணே, பிரேக் பேட் தேஞ்சு போயிருக்கே, மாத்தலையா?"

"அது வீடியோல தெரியாது தம்பி."

ஓட்டுவதைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள். ஆனால் கேமரா மாட்டுவதைப் பற்றி அவர் சொல்வது அத்தனையும் சரி. அதுதான் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எரிச்சல். கண்ணாடியில் நீளக் கம்பி போட்டுக் கேமராவைத் தொங்கவிட்டவன் எவனாவது கண்ணில் பட்டால் போதும், அவன் காரிலும் பாதி உடம்பை நுழைத்துவிடுவார். "கை நீண்டா ஆட்டம் ஜாஸ்தி. என்ஜின் அதிர்ற அதிர்வுக்கு உன் படம் பூரா நெளியும். ரோல் கேஜ் இருக்கில்ல? கிளாம்ப்பைப் போட்டு அதுல இறுக்கு. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, உன் தோளுக்கு மேல. கை தெரியணும், ஸ்டீயரிங் தெரியணும், மீட்டர் தெரியணும், ரோடு தெரியணும். உன் மூஞ்சி எதுக்கு?" தன் மூஞ்சிக்கென்று தனியாக ஒரு கேமரா வைத்திருப்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுவார்.

அடுத்தது ஸ்டெபிலைசர். வாங்கின கேமராவில் படம் ஆடாமல் இருக்க ஒரு வசதி தந்திருக்கிறார்களே என்று பையன் பெருமையோடு காட்டுவான். "முதல்ல அதை ஆஃப் பண்ணு!" கார் திரும்பும்போது கேமராவும் கூடவே திரும்புகிறது. உள்ளே இருக்கிற ஜைரோவுக்கு அது தெரியாது. யாரோ தன்னை ஆட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும். டேஷ்போர்டு ஒரு பக்கம் போகும், ரோடு ஒரு பக்கம் போகும், பார்க்கிறவன் வாந்தி எடுக்கப் போவான். பிறகு வெளிச்சம். காருக்குள் இருட்டு, வெளியே மெட்ராஸ் வெயில். இருட்டைப் பார்த்து இரக்கப்பட்டு கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ரோடு வெளுத்துக் காணாமல் போகும். கண்ணாடிக்கு வெளியே இருக்கிற வெளிச்சத்துக்கு மீட்டர் பண்ணு, டேஷ்போர்டு மேல் கறுப்புத் துணி விரி, மைக்கைக் காற்று படாத இடத்தில் சீட்டுக்கு அடியில் ஒட்டு என்று சொல்லிக்கொண்டே போவார். அதற்குள் பையனின் முறை வந்து, கொடி ஆட்டி அனுப்பியும் இருப்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கையெடுத்துக் கும்பிடத்தக்கவர். எந்தக் கேமராவுக்கும் இரண்டாவதாக ஒரு கயிறு கட்டாமல் விடமாட்டார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் அரைஞாண். 150 கிராம் சொச்சம்தான் எடை. ஆனால் கார் எதிலாவது மோதி நிற்கிற நொடியில் கழன்று வந்தால் அது கல். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற தலைக்கும் சேர்த்துத்தான் அந்தக் கயிறு.

அவருக்கென்று ஒரு புராணமும் உண்டு. 2005-இல் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது ஊரே எத்தனையாவதாக வந்தார் என்று கேட்டது. அண்ணன் அந்தக் காரில் கேமரா எங்கே இருந்தது என்று கேட்டார். 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தில் பீட்டர் வில்லியம்சன் டொயோட்டா செலிகாவில் கேமராவை வைத்துக்கொண்டு, ஓட்டியபடியே வர்ணனையாளர்களிடம் பேசினார் என்பதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஆனால் உச்ச கட்டம் 1970-ஆம் வருடத்து லெ மான் 24 மணி நேரப் பந்தயம். நடிகர் ஸ்டீவ் மெக்வீனின் சினிமாவுக்காகக் கேமராக்களைக் கட்டிக்கொண்டு ஒரு போர்ஷே 908 நிஜப் பந்தயத்திலேயே இறங்கியது. ஓட்டியவர்கள் ஹெர்பர்ட் லிங்கே, ஜோனதன் வில்லியம்ஸ். ஃபிலிம் சுருள் தீரும்போதெல்லாம் பிட்டுக்குள் வந்து மாற்றிக்கொண்டு போனார்கள். 24 மணி நேரமும் ஓடி முடித்தும், நின்று நின்று போனதில் தூரம் போதாமல் முடிவுப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

"தோத்துட்டாங்களாண்ணே?"

"தோல்வியா? படம் வந்துச்சுய்யா!"

சினிமா இயக்குநர் கிளாட் லெலூஷ் 1976-இல் விடியற்காலைப் பாரிஸ் தெருக்களில் மெர்சிடிஸில் கேமராவைத் தாழ்வாகக் கட்டிப் படம் எடுத்துவிட்டு, ஃபெராரியின் சத்தத்தைச் சேர்த்த கதையையும் சொல்வார். ஸ்விஃப்டுக்கு அந்த யோசனை உண்டா என்று கேட்டால் பதில் வராது.

இப்படி எடுத்ததையெல்லாம் வீட்டு டிவியில் போட்டு உறவுக்காரர்களை உட்கார வைப்பார். போன பொங்கலுக்கு அவருடைய மாமனார் இருபது நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளே, சுத்திச் சுத்தி அதே இடத்துக்குத்தானே வர்றீங்க?" என்றாராம்.

ஒரு தடவை ஓடுதளத்தில் இரண்டு கார்கள் உரசிக்கொண்டன. இருவரும் அடுத்தவன்மேல் பழி போட்டார்கள். பின்னாலேயே வந்தது அண்ணனின் ஸ்விஃப்ட். கூட்டமே அவர் லேப்டாப்பைச் சூழ்ந்துகொண்டது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நேரம் அது. கார்டைச் செருகும்போது விரல் நடுங்கியது. திறந்தால் பிட்டில் கார் நிற்கிற காட்சி. ஓட்டமே இல்லை. கிளம்பும் முன் கேமரா பட்டனை அமுக்கியிருக்கிறார். ஆனதா இல்லையா என்று சந்தேகப்பட்டு இன்னொரு தடவையும் அமுக்கியிருக்கிறார். திரும்பி வந்து நிறுத்துவதாக நினைத்து அமுக்கியபோதுதான் அது ஓட ஆரம்பித்திருக்கிறது.

கூட்டம் கலையப் பார்த்த நேரம், லேப்டாப்பிலிருந்து ஒரு குரல். உரசியவர்களில் ஒருவர் அண்ணனின் ஜன்னலில் சாய்ந்தபடி நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லடா."

பஞ்சாயத்து அங்கேயே முடிந்தது. ஆளாளுக்கு அண்ணன் முதுகில் தட்டினார்கள், ஒருவர் டீ வாங்கி வந்தார். அண்ணன் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் மூஞ்சிக்கு எக்ஸ்போஷர் ஏறிப்போச்சே தம்பி."