டிரையர் தீயும் வாடை: காடாம்புலியூர்ப் பாடபேதங்கள்

காடாம்புலியூரில் ஒரு வீட்டில் "டிரையர்ல ஏதோ தீயுற நாத்தம்" என்று குரல் எழுந்தால், முறையான ஆய்வாளர் சுவிட்சை அணைக்க ஓடமாட்டார். நாற்றம் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த சொல். வீட்டம்மா குறை சொல்கிறாரா, மெச்சுகிறாரா என்பதே அவருடைய முதல் ஐயம்.

இரண்டாம் ஐயம், டிரையர். இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினில் அப்பெயர் தாங்கிய தொட்டி எதையும் உலர்த்துவதில்லை. சுழற்றிப் பிழிவதோடு சரி. சூடேற்றும் கம்பியே அதில் கிடையாது. மேனாட்டு டிரையர் வேறு சாதி. சுடுகாற்றில் துணியைப் புரட்டுவது. வடிகட்டியில் பஞ்சுத்தூசி அடைத்தால் பற்றிக்கொள்வது. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதி அடுக்குமாடித் தீயைத் தொடங்கிவைத்தது அப்படியொரு டிரையர்தான்.

இனி வாடையின் வகைகள். ரப்பர் நெடி: துவைக்கும் தொட்டியின் பெல்ட், மாற்றுக.

வார்னிஷ் நெடி: பிரேக். மூடியைத் திறந்ததும் தொட்டியைப் பிடித்து நிறுத்தும் கட்டை, மூடியை மூடிய பிறகும் விலகாவிட்டால் மோட்டார் முக்கி முக்கிக் காயில் கருகும்.

மூன்றாம் வகைக்குத் தனி நூலகமே வேண்டும்: முந்திரி. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த இம்மரத்தின் கொட்டை ஓட்டில் தோலைப் பொத்துப்போக வைக்கும் எண்ணெய் உண்டு. ஓடு எரிந்தால் மூக்கைத் துளைக்கும் புகை. பண்ருட்டி வட்டாரத்தில் வறுக்கும் பக்கமிருந்து காற்றடித்தால், கடையில் பிரிக்காத மெஷினும் தீய்ந்ததாகவே மணக்கும். இதை முதலில் சொன்னது 'கொல்லைப்புற விருத்தி'. 'கொடிக்கயிற்றுப் பேருரை' மறுத்தது. மறுப்புக்கு மறுப்பாக எழுந்த 'துவைகல் நுண்பொருள் விளக்கம்', கரையான் தின்ற பாகத்தில் தன் கட்சிக்கு ஆதாரம் இருந்ததாக அடித்துச் சொல்கிறது. மூன்றையும் படிக்காமலே அணிந்துரை வழங்கிய பேராசிரியர், நான்காவதைத் தாமே எழுதி, அதில் தம்மையே பதினேழு இடங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறார். 

பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து முகர்ந்து பார்த்தால் போதும். வாடை போகாவிட்டால் முந்திரி, போய்விட்டால் மெஷின் என்கிறார் மெக்கானிக். ஆய்வுலகம் இதைக் குறுக்குவழி என்று ஒதுக்கிவிட்டது.

மெக்கானிக் பிடுங்கினார். வாடை போனது. உள்தொட்டியைத் தூக்கினால், அடியில் சிக்கி அரைபட்டுக் கிடந்தது குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். ஆய்வாளர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இடக்காலுக்குரியதா வலக்காலுக்குரியதா என்று கேட்டார்.