கௌபாய் கிறிஸ்துமஸ்

அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகளில் கிறிஸ்துமஸ் வந்தால் கௌபாய்க்குக் காதலி கிடைத்துவிடுகிறாளே. நிஜத்திலும் அப்படித்தானா?

பலருக்குக் கிடைத்தது கைக்குட்டைதான்! குடியேற்ற ஊர்களில் ஆண்கள் ஏராளம், பெண்கள் சொற்பம். நடனத்துக்கு ஜோடி போதாதபோது சில ஆண்கள் கையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பெண்ணின் இடத்தில் நின்று ஆடினார்கள். எனக்கு அந்தக் காதல் கதைகளைவிட இந்தக் கைக்குட்டைக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. பனிக்காலத் தனிமையில் சக மனிதனுக்குத் துணையாக நின்றவர்கள் அல்லவா!

நடனத்துக்கே தடை போட்ட ஊரில் கிறிஸ்துமஸ் நடனமாமே?

டெக்சாஸின் ஆன்சன் ஊர்தான். 1885-இல் அங்கே ஒரு ஹோட்டலில் கௌபாய்களின் கிறிஸ்துமஸ் நடனம் நடந்தது. கவிஞர் லாரி சிட்டன்டன் அதைக் கவிதையாக்கினார். 1933-இல் ஊருக்குள் நடனமாடத் தடை வந்தது. மறு ஆண்டே பழைய நடனத்துக்கு உயிர் கொடுத்தார்கள், அதற்கு மட்டும் விலக்கு! 1987-இல் அந்தச் சட்டமே ஆட்டம் கண்டது. ஆட்டம் இன்றும் நடக்கிறது. ஆண்களுக்கு ஒரு நிபந்தனை: தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும்.

அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் பரிசு?

1805 கிறிஸ்துமஸில் அமெரிக்க மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற பயணி கிளார்க்குக்கு, பழங்குடிப் பெண் சகாகவியா கொடுத்தது இரண்டு டஜன் வெள்ளை வீசல் (கீரி போன்ற சிறு விலங்கு) வால்கள்.