பரிந்துரையியல்: வெப் சீரிஸ் சிபாரிசு செய்வோர் குறித்த ஐந்திணை ஆய்வு

உலகில் தோன்றிய எப்பொருளையும் ஐந்திணைக்குள் அடைத்துவிடலாம் என்பதை நம் ஆய்வுலகம் முனைவர் பட்டங்களை வழங்கி வழங்கியே உறுதிசெய்துவிட்டது. அடைபடாமல் எஞ்சி நிற்பது, "மச்சி, இந்த சீரிஸ் பாத்தியா?" என்னும் வினா ஒன்றுதான். அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். இது ஒரு முன்னோடி ஆய்வு. பிறர் எழுதியதைப் படிக்காமல் இருந்தால் எல்லா ஆய்வும் முன்னோடி ஆய்வுதான்.

பரிந்துரையாவது, தான் பார்த்து முடித்ததைப் பிறரும் பார்த்தே தீரவேண்டும் என்று ஒருவர் கொள்ளும் வேட்கை. அது கேட்டவர்க்குச் சொல்லப்படுவது என்பர் ஒரு சாரார். அற்றன்று, கேளாதவர்க்கே பெரிதும் சொல்லப்படும் (அலுவலக லிஃப்ட், மூன்றாம் மாடிக்கு மேல்). இதற்கு நிலம் ஓடிடி, பொழுது நள்ளிரவு, கருப்பொருள் போர்வையும் மிக்சரும்.

குறிஞ்சியாவது, முதல் எபிசோடைத் தொட்ட இரவே எட்டையும் முடித்தல். மறுநாள் முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்பதால் விரித்துரைக்கவில்லை.

மருதமாவது, சேர்ந்து பார்ப்போம் என்று வாக்களித்துவிட்டுத் தலைவன் அடுத்த எபிசோடைத் தனியே பார்த்துவிட, தலைவி ஊடுதல். ரிமோட் மறுக்கப்படும். சோறும் மறுக்கப்படலாம்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இதற்கு இலக்கியம் 'ஃபயர்ஃபிளை'. எடுத்து முடித்திருந்த 14 எபிசோடில் 11ஐ மட்டும், அதுவும் வரிசை மாற்றி, முதற்கதையைக் கடைசியாகக் காட்டி, 2002ஆம் ஆண்டோடு ஃபாக்ஸ் தொலைக்காட்சி நிறுத்திக்கொண்டது. ஒப்பாரி இன்னும் ஓயவில்லை. இதைச் சிபாரிசு செய்பவர் நம்மைப் பார்க்கச் சொல்லவில்லை. கூட உட்கார்ந்து அழச் சொல்கிறார்.

பாலை பிரிவு. 2018இல் 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை மூன்று சீசனோடு சைஃபை சேனல் கைவிட்டது. ரசிகர்கள் பணம் திரட்டி, தொடரைக் காப்பாற்றக் கோரும் பதாகையோடு ஒரு விமானத்தை அமேசான் ஸ்டுடியோஸைச் சுற்றிப் பறக்கவிட்டார்கள். அமேசானும் இரங்கியது, மேலும் மூன்று சீசன் வந்தது. அன்னம், கிளி, மேகம் என்று நீளும் தூதுப்பொருள் பட்டியலில் வாடகை விமானத்தையும் சேர்த்துக்கொள்க.

இனி முல்லை. பொறுத்திருத்தல் இதன் உரிப்பொருள். "மொதல் சீசன் கொஞ்சம் சுமாராத்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்னும் வாசகம் இத்திணைக்கே உரியது. எக்ஸ்பான்ஸ் அன்பர் நான்காம் எபிசோட் வரை பொறுக்கச் சொல்வார். 'தி வயர்' அன்பர் ஒரு முழு சீசனைக் கேட்பார். ஆயினும் பொறுமையைப் பேரிலக்கணமாக வளர்த்தவர்கள் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' அடியார்களே. 1987 முதல் 1994 வரை ஏழு சீசன், 178 எபிசோட். முதல் சீசனின் 26இல் தேறுவது சொற்பம் என்று அடியார்களே ஒப்புக்கொள்வர். எபிசோடுக்கு முக்கால் மணி என்றாலும் ஏறத்தாழ இருபது மணி நேரத் தவம். தவத்தின் முடிவில் என்ன கிடைக்கும்?

தாடி.

கமாண்டர் ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸ் முதல் சீசனில் மழுமழுவென்று வருவார். இரண்டாம் சீசனில் தாடியோடு தோன்றுவார். தொடர் தேறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆகவே எந்தத் தொடர் தேறினாலும் அதற்குத் தாடி முளைத்துவிட்டதாகச் சொல்வது ஆங்கில ரசிகர்களின் வழக்காகிவிட்டது.

இங்கேதான் அறிஞர் பிரிகின்றனர். தாடி முளைத்த அந்த சீசன், 1988ஆம் ஆண்டின் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 22 எபிசோடாகச் சுருங்கியது. அதன் கடைசி எபிசோடிலோ, ரைக்கரை நினைவிழந்த நிலையில் படுக்கவைத்து, பழைய எபிசோடுகளின் காட்சிகளையே அவர் நினைவுகளாக ஓட்டிக் கணக்கை முடித்தார்கள். தாடி இருந்தும் தரம் இல்லை. எனில் தாடி காரணமா, காரியமா? காரணமே என்பது முகவாதம் (மைத்துனர், குலதெய்வக் கோயில் பயண உரை, வேனின் பின்னிருக்கை). முளைத்த தாடி வேறு, முதிர்ந்த தாடி வேறு, மூன்றாம் சீசனில்தான் முதிர்ந்தது என்பது முதிர்ச்சிவாதம் (எதிர்வீட்டு அண்ணாச்சி, மொட்டைமாடிப் பேருரைகள், வடகம் காயும் பருவம், இரண்டாம் தொகுதி, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்ததால் பாதியில் நின்ற பகுதி, இதற்கு அவர் மனைவியின் மறுப்புரை, சமையலறை ஜன்னல் வழியே, அதே நாள், மறுப்புக்கு மறுப்பு கிடைக்கவில்லை, அண்ணாச்சி மோட்டாரை அணைக்கப் போய்விட்டார்). 1998இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்: இன்சரெக்ஷன்' படத்தில் ரைக்கர் தாடியை மழித்துவிடுகிறார். படத்தின் இயக்குநரும் அதே ஃப்ரேக்ஸ். அந்தப் படத்தை எனக்கு இன்றுவரை ஒருவரும் சிபாரிசு செய்ததில்லை. முகவாதிகளுக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

பாடபேதம் பற்றியும் ஒரு சொல். 'பிளாக் மிரர்' தொடரின் முதல் எபிசோடில் பிரிட்டன் பிரதமருக்கும் ஒரு பன்றிக்கும் நேர்வதைக் கண்டு பலர் ஓடிவிடுவதால், அதை விட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்கச் சொல்லும் பாடம் ஒன்று புழக்கத்தில் உள்ளது. 'டாக்டர் ஹூ'வில் சிக்கல் இன்னும் ஆழம். 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அத்தொடரின் பழைய எபிசோடுகள் பலவற்றைப் பிபிசியே அழித்துவிட்டது. டேப் மீண்டும் பயன்படுமே என்ற சிக்கனமும் ஒரு காரணம். ரசிகர்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்துப் பதிந்ததால் ஒலி மட்டும் தப்பியது. அழிந்த எபிசோடுகளே தொடரின் உச்சம் என்று அடித்துச் சொல்லும் அன்பர்கள் உண்டு. அவர்களை நான் எள்ளமாட்டேன். கடல்கொண்ட நூல்களின் பொருளடக்கம் வரை அறிந்த பெருமக்கள் நம்மிடையே நடமாடுகையில், பிபிசி கொண்ட எபிசோடை மட்டும் எந்த முகத்தோடு மறுப்பது?

எனவே சிபாரிசு செய்வோர்க்கு ஒரு விண்ணப்பம். தொடரின் பெயர், எத்தனை எபிசோட், கதை முடிந்துவிட்டதா, இம்மூன்றோடு நிறுத்துக. காட்டாக, 'டார்க்'. ஜெர்மன் தொடர், மூன்று சீசன், 26 எபிசோட், 2020இல் முடிந்துவிட்டது. டப்பிங்கில் பார்க்காதீர்கள், மூல ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள். யார் யாருக்குப் பிள்ளை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். மொதல் சீசன் கொஞ்சம் குழப்பும், பொறுத்துக்கோங்க. பார்த்து முடித்ததும் மறக்காமல் எனக்கு ஒரு போன் போடுங்கள்.